அணை நிறைந்திருந்தது, குழாய் வறண்டிருந்தது: நீர் மேலாண்மைச் சொற்கள் சில



2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த எவரும் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ரவாங் வட்டாரத்தில் ஓடும் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கலந்த கழிவினால் சுங்கை சிலாங்கூரின் நீர் வாடையடிக்க, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் செப்டம்பர் 3ஆம் நாள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. அவற்றுள் எங்கள் வீடும் ஒன்று. நான் அப்போது நான்காம் படிவ மாணவன். அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருந்தோம். தண்ணீர் லோரி வரும் ஓசை கேட்டதும் வாளியையும் தோங்கையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவதும், நிரப்பியதைச் சிந்தாமல் மேலே சேர்ப்பதும் அந்த வாரம் முழுவதும் என் வேலை.

மூன்றாம் நாள் மாலை நல்ல மழை. சன்னலோரம் அமர்ந்திருந்த பாட்டி வெளியே பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தெனம் மழதான் ஊத்துதே ஐயா, அணையில தண்ணி இல்லையா?”

“அணையில நெறைய இருக்கு பாட்டி.”

“அப்பறம் ஏன் கொழாயில வரல?”

“ஓடோர் போலியூஷன் பாட்டி.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “பென்செமாரான் பாவு” என்று மலாயிலும் சொன்னேன். இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்த எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

“அதத் தமிழ்ல சொல்லு.”

“தண்ணி கெட்டுப்போச்சு.”

“தண்ணி என்ன கறியா, கெட்டுப்போறதுக்கு?” என்றார் பாட்டி. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று சுற்றுச்சூழல் பொறியியல் பயிலும் மாணவனாக, அன்று சொல்ல முடியாமல் போன பதிலைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை. சொற்களை அகரவரிசையில் அடுக்கப் போவதில்லை. மலையில் விழும் மழை வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் வழியிலேயே நாமும் நடப்போம். எதிர்ப்படும் சொற்களை அங்கங்கே நின்று பார்ப்போம்.

பிடிப்பும் வடிநிலமும்

எந்த நிலத்தில் விழும் மழை ஓர் அணைக்கோ ஆற்றின் ஒரு குறிப்பிட்ட இடத்திற்கோ வந்து சேருகிறதோ, அந்நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். மலாயில் ‘காவாசான் தாடாஹான் ஆயர்’ என்பார்கள். ஒழுகும் நீருக்குக் கீழே பாத்திரத்தை ஏந்திப் பிடிப்பதுதான் ‘தாடா’. தமிழிலும் தண்ணீரை எடுத்து வா என்பதைவிடத் தண்ணீர் பிடித்து வா என்றே மிகுதியாகச் சொல்கிறோம். நிலமே கை, மழையை ஏந்திப் பிடிக்கிறது. நல்ல கலைச்சொல் இப்படித்தான் இருக்க வேண்டும், படம் தெரிய வேண்டும்.

ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பையும் குறிக்கச் சிலர் ‘ஆற்றுப் படுகை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படுகை என்றவுடன் ஆற்றோரத்து வண்டல் நிலமும் ஆற்றின் அடித்தளமும்தான் நம் நினைவுக்கு வரும். ‘வடிநிலம்’ என்னும் சொல் இதைவிடச் சரி: நீர் வடிந்து வரும் நிலம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. சுங்கை சிலாங்கூரின் வடிநிலம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். பிரேசர் மலைச் சாரலின் காடு அதனுள் இருக்கிறது. ரவாங் பட்டணமும் அதன் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. கோல சிலாங்கூரில் மின்மினிப்பூச்சி பார்க்கப் படகில் போகிறோமே, அந்தக் கம்போங் குவாந்தானும் இருக்கிறது. படுகை என்று நினைப்பவன் ஆற்றங்கரையைத்தான் காவல் காப்பான். வடிநிலம் என்று நினைப்பவனுக்கு, ஆற்றையே பார்த்திராத ஒரு பட்டறையின் பின்புற அல்லூரும் ஆற்றின் ஒரு பகுதிதான் என்பது புரியும். சுங்கை கோங் நமக்குக் காட்டியதும் இதுவே.

அணை என்பது சுவர்

அணையையும் நீர்த்தேக்கத்தையும் ஒன்றாகவே பேசுகிறோம். அணை என்பது குறுக்கே கட்டிய சுவர். அதன் பின்னால் நிற்கும் நீர்தான் நீர்த்தேக்கம். இந்தத் துறையில் தமிழ் வறுமையான மொழி என்று யாரும் எண்ண வேண்டாம். ஏரியும் கண்மாயும் வெட்டி வாழ்ந்த மக்கள், தேக்கிய நீரைத் திறந்துவிடும் வாயிலுக்கு மதகு என்றும், மிகுதி நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட அமைத்த இடத்திற்குக் கலிங்கு என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயப் பொறியாளர்கள் காவிரியின் கல்லணையைக் கண்டபோது அணைக்கட்டு என்ற நம் சொல்லையே ‘ஆனிகட்’ என்று தம் மொழிக்குக் கொண்டுபோனார்கள். மலாயில் குளத்திற்கு ‘கோலாம்’ என்று பெயர். குன்றின்மேல் இருந்து வீடுகளுக்கு நீர் தரும் தொட்டியை இங்கே ‘கோலாம் ஆயர்’ என்கிறார்களே, அது நம் ‘குளம்’ கடல் கடந்து வந்த வடிவம்தான். ஆகவே சொல் இல்லை என்ற குறையைவிட, இருக்கும் சொல்லை எடுத்துப் புழங்காத குறையே நம்மிடம் பெரிது.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர், அணையிலிருந்தே புக்கிட் நானாஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இப்படி அமைந்த இடத்தில் அணை நிறைந்திருந்தால் கவலை குறைவு. சுங்கை சிலாங்கூரின் அமைப்பு வேறு. கோல குபு பாருவுக்கு அருகே சுங்கை சிலாங்கூரில் ஓர் அணை, கிளையாறான சுங்கை திங்கியில் ஓர் அணை. இவை ஆற்றை ஒழுங்குபடுத்தும் அணைகள். வறண்ட நாளில் மதகைத் திறந்து நீரை ஆற்றிலேயே விடுவார்கள். அந்நீர் ஆற்றோடு ஓடிக் கீழே வந்த பிறகுதான் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இறைத்து எடுக்கப்படுகிறது. அந்த இடத்திற்கு நீர் எடுப்பிடம் என்று பெயர். அங்கே எடுக்கும் சுத்திகரிக்கப்படாத நீர், கச்சா நீர்.

சுருங்கச் சொன்னால், அணை சேமிப்புப் பானை, ஆறுதான் குழாய். பானைக்கும் நீர் எடுப்பிடத்திற்கும் இடையில் எங்காவது ஓரிடத்தில் யாராவது கழிவை ஊற்றிவிட்டால், பானை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தும் பயனில்லை. கூடுதல் நீரைத் திறந்துவிட்டு ஆற்றில் கலந்ததை நீர்க்கச் செய்யலாம், அவ்வளவுதான். “அணையில இருக்கு, கொழாயில வரல” என்ற பாட்டியின் புதிருக்கு விடை இதுவே. நாம் குடிப்பது அணையின் நீரை அன்று. ஓர் ஊரையும் பல தொழிற்சாலைகளையும் கடந்துவந்த ஆற்றின் நீரை.

நீர் எடுப்பிடம் என்பது பொறியியல் சொல் மட்டுமல்ல, சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. 2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் விதிமுறைகள், தொழிற்சாலைகள் வெளியேற்றும் நீருக்கு ‘ஏ’, ‘பி’ என இரண்டு தரங்களை வைத்துள்ளன. நீர் எடுப்பிடத்திற்கு மேலே, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கடுமையான ‘ஏ’ தரம். மற்ற இடங்களில் ‘பி’ தரம். ஒரே தொழில், ஒரே கழிவு. ஆனால் ஆற்றில் நம் குழாய்க்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறுகிறது.

செய்தித்தாள் தலைப்புகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1998இலும் 2014இன் முற்பகுதியிலும் இங்கு ஏற்பட்டது நீர்த் தட்டுப்பாடு. மழை பொய்த்து அணைகளின் நீர்மட்டம் இறங்கியது. முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதை மலாயில் ‘சாத்துவான்’ என்றார்கள், தமிழில் பங்கீடு. 2020இல் ஏற்பட்டது விநியோகத் தடை. நீர் இருந்தது, எடுக்க முடியவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் இரண்டையும் எல்லாரும் தட்டுப்பாடு என்றே சொன்னார்கள். தட்டுப்பாடு என்று சொன்னால் வானத்தைப் பார்ப்போம். தடை என்று சொன்னால்தான் யார் தடுத்தது என்று கேட்கத் தோன்றும். மூன்று நாளாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த என் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்குக் கிடைத்த சொல் அது.

ஆற்றுக்கு மூச்சு முட்டும்போது

நம் மாணவர்கள் பலர் ‘பி.ஓ.டி.’ என்ற மூன்றெழுத்தை மனனம் செய்து தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். அதன் பொருளை எனக்கு உண்மையில் விளங்க வைத்தவர் விரிவுரையாளர் அல்லர், பாட்டிதான்.

பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம் அது. 1970களின் நடுவில், லயத்திற்குப் பின்னால் ஓடிய ஆற்றில்தான் துணி துவைப்பது, குளிப்பது, மீன் பிடிப்பது எல்லாம். ஆற்றின் மேற்பக்கத்தில் ஒரு செம்பனை ஆலை வந்தது.

“கறுப்பா, கொழகொழன்னு, சூடு ஆறாம வரும். மறுநா காலையில பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கும். கொஞ்ச நேரத்துல செத்து மெதக்கும். ‘ஆத்துக்கு மூச்சு முட்டிப்போச்சு’ன்னு ஒங்க தாத்தா சொல்வாரு.”

அறிவியல் இதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடவில்லை. தமிழ்ப்பள்ளியில் நாம் ஆக்சிஜனை உயிர்வளி என்று படித்தோம் அல்லவா? காற்றிலுள்ள உயிர்வளி சிறிதளவு நீரில் கரைகிறது. மீன் சுவாசிப்பது அதைத்தான். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். நம் நாட்டு ஆறுபோல 30 பாகைக்கு அருகில் இருந்தால் ஏழரை மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக அதில் மூச்சு குறைகிறது; சூடு ஆறாத கழிவு இரட்டைக் கேடு.

செம்பனை ஆலைக் கழிவில் நஞ்சு என்று சொல்லத்தக்கது பெரிதாக எதுவுமில்லை. எண்ணெயும் நாரும் மாவுப்பொருளும்தான் மிகுதி. அதாவது அது சாப்பாடு. பிரச்சினையும் அதுதான். ஆற்றிலுள்ள நுண்ணுயிரிகளுக்குத் திடீரென்று விருந்து கிடைக்கிறது. அவை தின்கின்றன, பெருகுகின்றன, தின்பதற்கேற்ற அளவு உயிர்வளியை இழுக்கின்றன. மீனுக்கு மிச்சமில்லை. காற்றும் நீரும் உரசும் மேற்பரப்பில் மட்டும் கொஞ்சம் இருப்பதால், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. நுண்ணுயிரிகள் அந்தக் கழிவைத் தின்று தீர்க்க எவ்வளவு உயிர்வளி வேண்டும் என்ற கணக்கே பி.ஓ.டி. தமிழில் உயிர்வளித் தேவை என்று சொல்லலாம். அது கழிவின் அளவைச் சொல்வதில்லை. கழிவு ஆற்றிடம் கேட்கும் மூச்சின் அளவைச் சொல்கிறது. தாத்தாவின் சொல் பாடநூலைவிட நெருக்கமாக இருக்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். ஆற்றில் கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுநீரின் மூச்சைக் கேட்கிறது! வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரோடு ஒப்பிட்டாலும் இது நூறு மடங்கைத் தொடும்.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென விதிமுறைகள் வந்தன. ஒரே நாளில் ஆலையை மூடு என்று சொல்லவில்லை. 1978இல் 5,000 என்று தொடங்கிய உச்ச அளவை 2,000, 1,000, 500, 250 எனப் படிப்படியாக இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டி, ஆற்றில் நடக்கவிருந்த அந்த விருந்தை அக்குளங்களுக்குள்ளேயே நடத்தி முடித்துவிட்டு நீரை வெளியே விடக் கற்றுக்கொண்டன. இங்கே ஒரு நுணுக்கம்: உலகின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் இச்சோதனை 20 பாகையில் ஐந்து நாள் நடக்கும். நம் செம்பனை விதிமுறையில் 30 பாகையில் மூன்று நாள். நம் ஆற்றின் வெப்பத்திற்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள்.

பாட்டியின் ஆறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அப்பறம் கறுப்பு கொறஞ்சுச்சு. மீனு பழையபடி வரல. நாங்களும் தோட்டத்த விட்டு வந்துட்டோம்” என்றார்.

மூன்று நாளோ ஐந்து நாளோ காத்திருக்க முடியாத வேளையில் சி.ஓ.டி. சோதனை செய்வார்கள். நுண்ணுயிரிக்குப் பதிலாக வலுவான வேதிப்பொருளைக் கொண்டு கழிவை இரண்டு மணி நேரத்தில் எரித்து, அதற்குச் செலவான உயிர்வளியைக் கணக்கிடுவது. இது வேதிவழி உயிர்வளித் தேவை. நுண்ணுயிரி தின்ன மறுக்கும் பொருளும் இதில் அகப்பட்டுவிடும். சி.ஓ.டி. மிக உயர்ந்தும் பி.ஓ.டி. தாழ்ந்தும் இருந்தால், ஆற்றில் கலந்திருப்பது சாப்பாடு இல்லை, வேறு ஏதோ என்று ஐயுற வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கும் இன்னொரு பொருள் அம்மோனியா. மலக்கழிவு, கோழிப்பண்ணை, குப்பைமேட்டிலிருந்து ஒழுகும் சாறு முதலியவற்றிலிருந்து வரும். நீரிலுள்ள கிருமியைக் கொல்ல குளோரின் சேர்க்கிறோம். அம்மோனியா இருந்தால் குளோரின் முதலில் அதனோடு கூடிவிடுகிறது. அம்மோனியாவின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு குளோரின் செலவான பிறகே, கிருமியைக் கொல்லத் தனிக் குளோரின் மிஞ்சும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. 2014இல் உலு லங்காட் பக்கத்து நிலையங்கள் சில மீண்டும் மீண்டும் மூடப்பட்டது இதனால்தான்.

ஆறு பாடங்கள், ஒரு மதிப்பெண்

நம் நாட்டில் ஆற்றுக்குத் தேர்வு மதிப்பெண் உண்டு. நீர்த்தரக் குறியீட்டெண் என்று பெயர். கரைந்த உயிர்வளிக்கு 22 விழுக்காடு, பி.ஓ.டி.க்கு 19, சி.ஓ.டி.க்கு 16, மிதக்கும் திடப்பொருளுக்கு 16, அம்மோனியாவுக்கு 15, அமில காரத்தன்மைக்கு 12. ஆறு பாடங்களையும் கூட்டி நூற்றுக்கு ஒரு மதிப்பெண். 81க்கு மேல் எடுத்தால் தூய்மையான ஆறு. 60 முதல் 80 வரை சற்றே தூய்மை கெட்டது. அதற்குக் கீழே தூய்மைக்கேடு அடைந்தது. (தமிழ்நாட்டில் மாசு, மாசுபாடு என்பார்கள். நாம் தூய்மைக்கேடு என்கிறோம். எனக்கு நம் சொல்லே பிடித்திருக்கிறது. மாசு என்றால் துடைத்துவிடலாம் போல் தோன்றுகிறது. கெட்டது என்றால் திருத்தியாக வேண்டும்.)

இதைத் தவிர ஆறுகளை ஐந்து வகுப்பாகவும் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு ஆற்றுநீருக்கு ஏறத்தாழச் சுத்திகரிப்பே வேண்டாம். இரண்டாம் வகுப்புக்கு வழக்கமான சுத்திகரிப்பு போதும். அதிலேயே குளிக்கத் தகுந்தது என்று ஓர் உட்பிரிவும் உண்டு. மூன்றாம் வகுப்புக்கு மேம்பட்ட சுத்திகரிப்பு வேண்டும். நான்காவது பாசனத்துக்கு மட்டும். ஐந்தாவது எதற்கும் ஆகாது. அம்மோனியாவை எடுத்துக்கொண்டால், முதல் வகுப்பில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் இருக்கலாம். நான்காம் வகுப்பில் 2.7 வரை.

‘வழக்கமான சுத்திகரிப்பு’ என்றால் என்ன? படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரளவைப்பது, திரண்டதைப் படியவிடுவது, மணலில் வடிப்பது, குளோரின் இட்டுக் கிருமியை நீக்குவது. கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டுத் தெளியவைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தின் பெரிய வடிவமே இது. இம்முறை கண்ணுக்குத் தெரியும் கலங்கலையும் கிருமியையும் நன்றாக நீக்கும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட கரைப்பான், பெயின்ட் வாடை போன்றவை படிகாரத்தில் திரள்வதில்லை. மணலில் நிற்பதும் இல்லை. கரித்தூள் கொண்டு ஓரளவு ஈர்க்கலாம். அளவு மிகுந்தால் நீர் எடுப்பதை நிறுத்துவது ஒன்றே வழி. எடுத்துவிட்டால், வாடை நிலையத்தின் தொட்டிகளுக்குள்ளும் அதன்பின் ‘கோலாம்’களுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் புகுந்துவிடும், எல்லாவற்றையும் கழுவி முடிக்க இன்னும் பல நாள்கள் ஆகும். நிலையத்தைத் திறந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு நீர் வரத் தாமதமானதன் காரணத்தையும் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். காலியான தொட்டிகளும் குழாய்களும் நிரம்பி அழுத்தம் ஏற வேண்டும். பள்ளத்தில் இருப்பவனுக்கு முதலில் வரும்; மேட்டில், மாடியில் இருப்பவனுக்குக் கடைசியில்.

இப்போது அந்த ஆறு பாடங்களை மறுபடி பாருங்கள். வாடை அவற்றுள் இல்லை. மூக்கு கண்டுபிடித்துவிடும் ஒரு துளிக் கரைப்பான் சி.ஓ.டி. கணக்கை அசைக்கப் போதாது. ஆகவே குறியீட்டெண்ணில் நல்ல மதிப்பெண் வாங்கும் ஆறும் ஒரு நள்ளிரவில் நிலையத்தை மூடவைக்கலாம். குறியீட்டெண் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆற்றின் நெடுநாள் நலத்தைக் காட்ட அமைந்தது. நேற்றிரவு யார் எதை ஊற்றினார் என்பதைக் காட்ட அமைந்ததன்று. ‘தூய்மையான ஆறு’ என்ற சொற்றொடரைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மூக்கே கருவி

வாடையை அளக்க என்ன கருவி தெரியுமா? மனித மூக்கு. நீரில் ஒரு பகுதியை எடுத்து, வாடையே இல்லாத நீரைச் சேர்த்து 200 மில்லிலிட்டர் ஆக்குவார்கள். சிலர் கூடி முகர்ந்து பார்ப்பார்கள். வாடை தெரிந்தால் மாதிரியின் அளவைக் குறைத்து மீண்டும் 200 ஆக்கி முகர்வார்கள். கடைசியாக வாடை தெரிந்தபோது மாதிரி 50 மில்லிலிட்டர் என்றால், 200ஐ 50ஆல் வகுத்து ‘நான்கு’ என்று எழுதுவார்கள். வாடை மறையும் எல்லைக்குப் போக நான்கு மடங்காக நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தது என்று பொருள். எத்தனையோ விலையுயர்ந்த கருவிகள் உள்ள இத்துறையில் இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மதிப்பு வந்தது.

இதற்குத் தமிழில் பெயர் வைக்க நான் பட்ட பாடு தனி. ‘துர்நாற்ற எண்’ என்று முதலில் எழுதினேன். ஆனால் பூ வாசனை அடித்தாலும் குடிநீருக்கு ஆகாதே? ‘நாற்றம்’ என்றால் பழந்தமிழில் நறுமணமும் ஆகும். இன்று அப்படி எழுதினால் யார் ஏற்பார்கள்? ‘மணம்’ என்றாலோ நல்லது என்றாகிவிடும். கடந்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, ஆறு, அணை, நீர் எடுப்பிடம், உயிர்வளித் தேவை என்று எல்லாவற்றையும் பாட்டிக்கு விளக்கினேன். தாத்தாவின் சொல்லைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். மூக்குச் சோதனையைச் சொன்னதும்,

“இதுக்கு என்னாடா இவ்ளோ யோசன? வாடைன்னு வையி. நல்லதும் வாடைதான், கெட்டதும் வாடைதான்” என்றார்.

வாடை எண். குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

“ஊத்துனவனுக்கு என்னா பேரு வெச்சிருக்க?” என்பது அடுத்த கேள்வி. அவனுக்குப் பெயர் இல்லை, அவன் ஊற்றும் பொருளுக்குத்தான் சட்டத்தில் பெயர் இருக்கிறது என்றேன். மலாயில் ‘புவாங்ஙான் தெர்ஜாடுவால்’. இதைத் ‘திட்டமிடப்பட்ட கழிவு’ என்று மொழிபெயர்த்தால் யாரோ திட்டம்போட்டுக் கொட்டியது போல் ஆகிவிடும். சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட கழிவு என்பதே பொருள். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் 77 வகைகள் உள்ளன. பயன்படுத்திய கரைப்பானும் எண்ணெயும் அதில் அடங்கும். ஆகவே அட்டவணைக் கழிவு என்பதே சரி. இவ்வகைக் கழிவை உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். அல்லூரில் ஊற்றச் செலவில்லை. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம்மில் வேதிக்கழிவைக் கொட்டியதால் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூட நேர்ந்ததை அறிவோம். 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பாட்டிக்கு இந்தத் தொகை நிறைவு தரவில்லை. “புடிச்சாத்தானே?” என்றார். வடிநிலம் 2,000 சதுர கிலோமீட்டர் என்று சற்று முன் சொன்னவனாகிய எனக்கு அதை மறுக்க முடியவில்லை.

என் குறிப்பேட்டில் இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. சிலவற்றுக்கு இன்னும் நல்ல தமிழ் அமையவில்லை. சுத்திகரிப்புத் தொட்டியின் அடியில் படிந்து, வாரி அப்புறப்படுத்த வேண்டிய குழம்பை நூல்களில் கசடு என்றும் சேறு என்றும் எழுதுகிறார்கள். பாட்டி அதை ‘மண்டி’ என்கிறார், எண்ணெய்ச் சட்டியின் அடியில் தங்குவதைச் சொல்வது போல. இப்போதைக்கு மண்டி என்றே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், நம் சங்கத்து அறையில் என்னைக் காணும்போது சொல்லுங்கள்; குறிப்பேடு பையிலேயேதான் இருக்கும்.